அண்ணி அக்காவான கதை: இஸ்தான்புல் சந்தைகளில் ஐந்து நாள்

"அம்மணியும் பிசினஸ் பார்க்கறாங்களா?"

இஸ்தான்புல்லில் வந்து இறங்கிய திங்கட்கிழமை இரவு, சாப்பாட்டு மேஜையில் வந்த கேள்வி இது. கேட்டவர் கோவையிலிருந்து வந்திருந்த இன்னொரு ஜவுளிக்காரர். பதில் சொன்னவர் கணவர்.

"இல்லீங்க, சும்மா கூட வந்திருக்காங்க."

அதில் பொய் எதுவும் இல்லை. கணவர் ஜவுளி இயந்திரக் கண்காட்சிக்காக வந்திருந்தார். செவ்வாய் முதல் சனி வரை கண்காட்சி. 'வருஷம் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருக்கியே, நீயும் வா' என்று பிரியமாகத்தான் மனைவியையும் அழைத்து வந்திருந்தார். ஆனால் ஈரோட்டில் அவர்களுடைய ஜவுளிக் கடையில் 22 வருடம் துணி பிரித்து, ரகம் பார்த்து, கணக்கு எழுதியவர் அந்த மனைவி. மகன் தலையெடுத்து வியாபாரத்துக்கு வந்த பிறகுதான் வீட்டோடு இருந்துகொண்டார். அன்று இரவு அந்த 'சும்மா' மட்டும் கொசு மாதிரி காதைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

கணவரின் தொழிலுக்காகக் கூடவே வெளிநாடு போகும் பெண்கள் இன்று நிறையப் பேர். மனைவியின் வேலைக்காகக் கூடப் போகும் கணவர்களும் உண்டு. வேலைக்கு வந்தவருக்குப் பகலெல்லாம் மீட்டிங். கூட வந்தவருக்கு ஹோட்டல் அறை, புரியாத மொழியில் ஓடும் டி.வி., மாலை வரை நகராத கடிகாரம். ஊர் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் ஏறினால் அரை நாள் போகும். மற்ற நாட்களுக்கு?

ஈரோட்டுப் பெண்மணி அந்த நாட்களுக்குச் சந்தையைத் தேர்ந்தெடுத்தார்.

செவ்வாய்: கூரை போட்ட ஊர்

கண்காட்சி நடக்கும் இடம் நகரத்தின் மேற்குக் கோடியில் இருக்கிறது. போகவர நெரிசலில் மணிக்கணக்காகும். காலை ஏழரைக்கே கம்பெனி வேன் வந்துவிட்டது. கிளம்பும்போது கணவர் சொன்னது இதுதான்: "தனியா ரொம்ப தூரம் போயிடாத. போன் கையிலயே இருக்கட்டும்."

ஹோட்டல் இருந்தது லாலேலி பகுதியில். அது முழுக்க முழுக்க மொத்த ஜவுளிக் கடைகள் நிறைந்த இடம். அங்கிருந்து பத்து நிமிடம் நடந்தால் 'கபாலி சார்ஷி' வந்துவிடும். கூரை போட்ட கடைவீதி என்று பொருள். உலகம் இதை கிராண்ட் பஜார் என்று அழைக்கிறது.

1453-ல் நகரத்தைப் பிடித்த இரண்டாம் மெஹ்மெத் சுல்தான், அடுத்த சில ஆண்டுகளிலேயே இங்கே முதல் கட்டடத்தை எழுப்பத் தொடங்கினார். அதைச் சுற்றிக் கடைகள் பெருகிப் பெருகி, இன்று 61 தெருக்கள், 4,000-க்கும் மேற்பட்ட கடைகள். எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. நிலநடுக்கமும் நெருப்பும் பலமுறை தின்று தீர்த்தும், ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்ற சந்தை.

உள்ளே போன பத்தாவது நிமிடம் அவருக்கு வழி தப்பிவிட்டது. தப்பாதவர் யாரும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தார். தெருப் பலகைகளைப் படிக்க முடிந்தது! துருக்கிக்காரர்கள் 1928-ல் அரபு எழுத்தை விட்டு ஆங்கில எழுத்துக்கு நெருக்கமான எழுத்துக்கு மாறிவிட்டார்கள். பொருள் புரியாவிட்டாலும் எழுத்துக் கூட்டலாம். போனில் பொருள் பார்த்தால் ஒவ்வொரு தெருவும் ஒரு தொழிலின் பெயர். செருப்புக்காரர் தெரு, மெத்தைக்காரர் தெரு, கம்பளக்காரர் தெரு. மதுரையின் வெண்கலக் கடைத் தெருவும் சென்னையின் பவழக்காரத் தெருவும் ஒரே கூரைக்குள் வந்த மாதிரி. ரோமத் தொப்பி செய்தவர்களின் பெயரைத் தாங்கிய தெருவில் இன்று தங்க வளையல்கள் தோரணம் கட்டித் தொங்குகின்றன. நம் ஊரிலும் பெயர் ஒன்று, கடை வேறொன்று என்று எத்தனை தெருக்கள்!

சந்தைக்குள் இருக்கும் பழைய மண்டபம் ஒன்றின் பெயர் 'சந்தல் பெதெஸ்தென்'. சந்தனத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டு. பூர்சா நகரத்தில் நெய்த, சந்தன நிறத்து நூலின் பெயர் 'சந்தல்'. அந்தத் துணி விற்ற மண்டபம் அது.

கடைக்காரர்கள் கூப்பிடுவதில்தான் சுவாரசியம். இந்திய முகத்தைப் பார்த்ததும் 'நமஸ்தே', 'ஷாருக் கான்' என்று ஆரம்பிப்பார்கள். அதற்கப்புறம் உறவுமுறை. முந்தின நாள் மாலை கணவரோடு தெருவில் நடந்தபோது ஒரு கடைக்காரர் கணவரை 'அபி' என்றும் இவரை 'யெங்கே' என்றும் அழைத்திருந்தார். போனில் தேடிப் பார்த்தார். அபி என்றால் அண்ணன், யெங்கே என்றால் அண்ணி. இன்று தனியாக வந்தபோது எல்லோரும் கூப்பிட்டது 'அப்லா'. அப்லா என்றால் அக்கா.

அதே ஊர், அதே முகம். கணவர் பக்கத்தில் இருந்தால் அண்ணி, தனியே வந்தால் அக்கா. யாரோ ஒருவரின் மனைவி என்பதால் வருவது ஒரு முறை, தனக்கே உரியது இன்னொரு முறை. நம் ஊரிலும் அப்படித்தானே? அவருக்குச் சிரிப்பு வந்தது.

அன்று எதுவும் வாங்கவில்லை. ஒரு துண்டுக் கடையில் மட்டும் நின்று, அடுக்கிலிருந்த ஒன்றை விரல்களுக்கு நடுவே வைத்துப் பார்த்தார். கடைக்காரர் துலிப் பூ வடிவக் கண்ணாடித் தம்ளரில் தேநீர் கொடுத்தார். இங்கே தேநீர் கொடுத்தால் வாங்கியே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. குடித்துவிட்டு, 'நாளை வருகிறேன்' என்று சைகை காட்டிவிட்டுக் கிளம்பினார்.

புதன்: இங்கேயும் ஒரு புதன்சந்தை

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம், 'உங்கள் வீட்டுக்குக் காய்கறி எங்கே வாங்குவீர்கள்?' என்று கேட்டார். வெளியூர் போகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். எந்தச் சுற்றுலா வழிகாட்டியிலும் இல்லாத பதில் அதற்குத்தான் கிடைக்கும்.

பதில்: "இன்று புதன். ஃபாத்தி போங்கள்."

இஸ்தான்புல்லில் கிழமைக்கு ஓர் இடத்தில் சந்தை கூடும். செவ்வாயன்று ஆசியக் கரையின் காடிகொய், புதனன்று ஃபாத்தி, சனியன்று பெஷிக்டாஷ் என்று நகரம் முழுக்கப் பரவியிருக்கிறது இந்தக் கணக்கு. ஃபாத்தியை ஒட்டிய பகுதி ஒன்றுக்குப் பெயரே 'சார்ஷம்பா', அதாவது புதன்கிழமை. நாமக்கல் பக்கத்தில் புதன்சந்தை, தர்மபுரி மாவட்டத்தில் வெள்ளிச்சந்தை என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டு வளர்ந்தவருக்கு இதில் அந்நியமாக எதுவும் தோன்றவில்லை. ஈரோட்டிலேயே கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் முழுக்க நடக்குமே!

ஃபாத்தி மசூதியைச் சுற்றியுள்ள தெருக்களை அன்று ஒரு நாள் மட்டும் தார்ப்பாய் மூடிவிடுகிறது. காய்கறி, பழம், ஆலிவ், பாலாடைக்கட்டி, தலைத்துணி, பாத்திரம், உள்ளாடை, திரைச்சீலை, எல்லாம் உண்டு. வாங்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சக்கரம் வைத்த துணிப்பையை இழுத்துக்கொண்டு வருகிறார்கள். தக்காளியை அழுத்திப் பார்க்கிறார்கள், உதடு பிதுக்குகிறார்கள், நகர்கிறார்கள். கடைக்காரர் பின்னாலிருந்து விலையைக் குறைத்துக் கூவுகிறார். இந்த நாடகத்துக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

ஜூன் மாதம் என்பதால் செர்ரி குவிந்து கிடந்தது. ஈரோட்டுக்காரர் செர்ரி வாங்கிப் பழகியவர் அல்ல. ஆனால் பழம் வாங்கிப் பழகியவர். காம்பு பச்சையாக இருக்கிறதா என்று பார்த்தார். பையில் அள்ளிப்போட்ட கடைக்காரரின் கை, பின்வரிசைப் பழத்துக்குப் போனதும் 'அங்கே வேண்டாம், இங்கே' என்று விரலால் காட்டினார். பக்கத்தில் நின்ற வயதான அம்மா ஒருவர் தலையாட்டிச் சிரித்தார். அரை கிலோ வாங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது, திங்கள் இரவிலிருந்து முதல்முறையாக அவருக்குக் கால் தரையில் பதிந்த மாதிரி இருந்தது.

படித்த பட்டம், விசிட்டிங் கார்டு, ஆங்கிலம் எதுவும் சந்தையில் செல்லாது. கண்ணும் கையும்தான் செல்லும். அவை இரண்டும் அவரிடம் இருந்தன. எந்த ஊருக்குப் போனாலும் கூடவே வருபவை அவை.

அந்த அம்மா விடைபெறும்போது கடைக்காரரிடம் 'கொலாய் கெல்சின்' என்று சொன்னார். 'வேலை லேசாக நடக்கட்டும்' என்று பொருள். உழைத்துக்கொண்டிருக்கும் யாரைக் கடந்து போனாலும் துருக்கிக்காரர்கள் சொல்லும் வாழ்த்து இது. தெரு கூட்டுபவர், மூட்டை தூக்குபவர், கல்லாவில் இருப்பவர் எல்லோருக்கும் பொது. அன்று மாலைக்குள் அவர் அதைப் பத்து பேரிடமாவது சொல்லியிருப்பார். சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு முகம் மலர்ந்தது.

போகிறவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஃபாத்தி பழமையான வழக்கங்களைப் பேணும் பகுதி. உடலை மூடிய உடையும், மசூதிக்குள் போவதானால் தலையை மறைக்க ஒரு துப்பட்டாவும் வேண்டும். காய்கறிக் கடைகளில் விலைச்சீட்டு குத்தியிருக்கும். அங்கே பெரிதாகப் பேரம் பேசுவதில்லை.

வியாழன்: மஞ்சளும் புளியும்

கிராண்ட் பஜாரின் ஒரு வாசலிலிருந்து கடலை நோக்கி இறங்கும் சரிவுக்கு மஹ்முத்பாஷா என்று பெயர். சுற்றுலாப் பயணிகள் குறைவு, உள்ளூர்க்காரர்கள் அதிகம். கல்யாண உடை, நிச்சயதார்த்த உடை, தலையணை உறை, சுன்னத் சடங்குக்குச் சிறுவர்கள் போடும் ராஜா உடை என்று தெரு முழுக்கத் துணி. நம் ரங்கநாதன் தெருவைச் சரிவில் சாய்த்து வைத்தால் மஹ்முத்பாஷா. கூட்டத்தோடு இறங்கினால் கால்கள் தானாக மசாலாச் சந்தைக்குக் கொண்டுபோய்விடும்.

மசாலாச் சந்தையின் துருக்கிப் பெயர் 'மிஸிர் சார்ஷிஸி', எகிப்துச் சந்தை. எகிப்திலிருந்து வந்த வருவாயில் கட்டியதால் அந்தப் பெயர். இதன் பின்னால் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். பக்கத்திலிருக்கும் புதிய மசூதியை 1597-ல் சஃபியே சுல்தான் என்ற ராஜமாதா தொடங்கினார். மகன் இறந்து, அவர் செல்வாக்கை இழந்ததும் வேலை நின்றுபோனது. அரை நூற்றாண்டுக்கும் மேல் பாதியில் நின்றதை, 1660-களில் துர்ஹான் சுல்தான் என்ற இன்னொரு ராஜமாதா கட்டி முடித்தார். அந்த மசூதியின் செலவுக்கு வாடகை வரட்டும் என்று எழுந்ததுதான் இந்தச் சந்தை. மசூதிக்குப் பெயர் இன்னும் 'புதிய மசூதி'தான், 350 வயதுக்கு மேல் ஆகியும்!

உள்ளே நுழைந்ததும் கூம்பு கூம்பாகக் குவித்த பொடிகள். அவற்றில் ஒன்று மஞ்சள். உலகத்திலேயே அதிகமாக மஞ்சள் விளைவிப்பது இந்தியா. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது ஈரோடு மஞ்சள். அந்த ஊர்க்காரர் மஞ்சளைப் பார்த்தால் சும்மா போவாரா? ஒரு கிழங்கை எடுத்து உடைத்தார். உள்ளே நிறம் பார்த்தார், மூக்கருகில் கொண்டுபோனார், நகத்தால் கீறினார். கடைக்காரப் பையன் விழித்தான். 'பரவாயில்லை' என்பது போலக் கையை ஆட்டியதும் அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த வியப்பு புளி. துருக்கியில் புளிக்குப் பெயர் 'தெமிர்ஹிந்தி'. 'இந்தியப் பேரீச்சை' என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் டாமரிண்ட் என்பதும் அதே சொல்தான். இங்கே புளியில் ரசம் இல்லை. சர்க்கரையும் மசாலாவும் சேர்த்து சர்பத் செய்கிறார்கள். தேங்காய் 'ஹிந்திஸ்தான் ஜெவிஸி', இந்தியக் கொட்டை. ஆங்கிலேயர்கள் 'டர்க்கி' என்று பெயரிட்ட வான்கோழியைத் துருக்கிக்காரர்கள் 'ஹிந்தி' என்கிறார்கள். பறவையோ அமெரிக்காவைச் சேர்ந்தது! இன்னொன்றும் உண்டு. தன்னைப் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டு பிகு பண்ணுகிறவரை இங்கே 'கிடைக்காத இந்தியத் துணியோ?' என்று கிண்டல் செய்வார்கள். நம் துணி ஒரு காலத்தில் அவ்வளவு அருமைப் பொருளாக இருந்திருக்கிறது.

இங்கே ஏமாறும் இடம் ஒன்றும் இருக்கிறது. மலிவான 'துருக்கிக் குங்குமப்பூ' என்று விற்பது பெரும்பாலும் குசும்பாப் பூவின் இதழ். நிறம் இருக்கும், மணம் இருக்காது. அசல் குங்குமப்பூ அடர் சிவப்பில், ஒரு நுனி அகன்ற மெல்லிய இழைகளாக இருக்கும். தண்ணீரில் போட்டால் மெதுவாக மஞ்சள் நிறம் இறங்கும், இழை சிவப்பாகவே நிற்கும். போட்ட உடனே தண்ணீர் சிவந்தால் சந்தேகப்பட வேண்டும். அதற்குப் பதில் வீட்டுக்கு வாங்க ஏற்றது 'புல் பிபெர்', ஒன்றிரண்டாக இடித்த மிளகாய். நம் மிளகாய்த் தூளை விடக் காரம் குறைவு, மணம் அதிகம். புளிப்புக்கு 'சுமாக்' என்ற கருஞ்சிவப்புப் பொடி. வெங்காயத்தில் தூவிச் சாப்பிட அருமையாக இருக்கும்.

சந்தையின் பக்கவாட்டுத் தெருவில் காபி வறுக்கும் மணம் ஆளை இழுக்கும். 1871-லிருந்து நடக்கும் குருகாஹ்வெஜி மெஹ்மெத் எஃபென்தி கடை அது. வாங்க வரிசை நிற்கும். பக்கத்திலிருக்கும் தக்தகலே பகுதியில்தான் 1550-களில் இந்த நகரத்தின் முதல் காபிக் கடைகள் தொடங்கின. ஆனால் ஃபில்டரில் இறக்கும் காபி அல்ல இது. மாவு போல அரைத்த பொடியைச் சின்னக் கரண்டிப் பாத்திரத்தில் கொதிக்க வைத்து, வடிகட்டாமல் ஊற்றிக் கொடுப்பார்கள். அடியில் தங்கும் மண்டியைக் குடிக்கக் கூடாது.

வெள்ளி: கடல் தாண்டி ஒரு போன்

மசாலாச் சந்தைக்கு எதிரே எமினோனு படகுத்துறை. அங்கிருந்து காடிகொய் போகும் படகில் ஏறினால் சுமார் 20 நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியா. பஸ், டிராம், படகு எல்லாவற்றுக்கும் 'இஸ்தான்புல் கார்ட்' என்ற ஒரே அட்டை. தடுப்பில் தொட்டால் கதவு திறக்கும்.

எழுதும்போது சுலபம். ஆனால் முன்பின் தெரியாத ஊரில், தனியாக, கடலைத் தாண்டிப் போவது என்று முடிவெடுக்கத் துறையில் அரை மணி நேரம் நின்றார். ஒரு படகைத் தவறவிட்டார், இரண்டாவதையும் தவறவிட்டார். மூன்றாவது படகில் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் ஏறுவதைப் பார்த்ததும், இவரும் ஏறிவிட்டார்.

மேல்தளத்தில் காற்று முகத்தில் அடித்தது. எள் ஒட்டிய வளைய ரொட்டியான 'சிமித்'தைப் பிய்த்து எறிந்தால் கடற்காகங்கள் பறந்தபடியே கவ்வுகின்றன. பின்னால் மசூதிகளின் கோபுரங்கள் சிறுத்துக்கொண்டே போயின. அப்போது போன் அடித்தது.

"எங்க இருக்க? ரூம்லயா?"

"இல்லீங்க. ஆசியாவுக்குப் போயிட்டிருக்கேன்."

எதிர்முனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார் கணவர்.

காடிகொய் என்றால் 'காஜியின் ஊர்'. துறையிலிருந்து ஐந்து நிமிட நடையில் அங்காடித் தெரு. மீன் கடைகளில் மீனின் செவுளை வெளியே மலர்த்தி வைத்திருக்கிறார்கள், சிவந்த பூ மாதிரி. நம் மீன்காரம்மா செவுளைத் தூக்கிக் காட்டுவதை இங்கே அலங்காரமாகவே செய்துவிட்டார்கள். ஊறுகாய்க் கடையில் முட்டைக்கோஸ், பீட்ரூட், வெள்ளரி எல்லாம் ஜாடிகளில். அந்த ஊறல் நீரை ஒரு தம்ளர் வாங்கிக் குடித்துவிட்டு நடக்கிறார்கள். ஆலிவில் மட்டும் இத்தனை வகை இருக்கும் என்று யார் நினைத்தது? ருசி பார்க்கக் கொடுப்பார்கள், கூச்சப்பட வேண்டியதில்லை.

சைவம் சாப்பிடுகிறவர்களும் பட்டினி கிடக்க வேண்டாம். 'மெர்ஜிமெக்' எனும் மசூர் பருப்பு சூப், கீரை வைத்துச் சுட்ட 'கொஸ்லெமெ' எனும் மெல்லிய ரொட்டி, சிமித், தயிர் எங்கும் கிடைக்கும். சூப்பில் இறைச்சிச் சாறு சேர்க்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்வது நல்லது.

திரும்பும் படகில் ஏற அவர் யோசிக்கவே இல்லை.

சனி: நெருப்பில் போட்ட நூல்

துருக்கி மொழியில் 'பஸார்' என்றால் சந்தை. ஞாயிற்றுக்கிழமைக்கும் 'பஸார்' என்றே பெயர். ஆனால் கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு விடுமுறை! அதனால் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் இல்லை. காலை ஒன்பது மணிக்கே அந்தத் துண்டுக் கடைக்குப் போய்விட்டார். செவ்வாய்க்குப் பிறகு புதனும் வெள்ளியும் எட்டிப் பார்த்திருந்ததால் இப்போது பழகிய முகம்.

அந்தத் துண்டுக்குப் பெயர் 'பெஷ்டெமல்'. துருக்கிக் குளியல் கூடத்தில் இடுப்பில் சுற்றிக்கொள்வது. பூத்துவாலை மாதிரி மொத்தமாக இல்லாமல் தட்டையான பருத்தி நெசவு. சீக்கிரம் காயும், மடித்தால் கையடக்கம், துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். மேற்குத் துருக்கியின் தெனிஸ்லி, புல்தான் பக்கம் இதற்குப் பேர்போனவை. தொட்ட அன்றே அவருக்குத் தோன்றியது: இது நம்ம ஈரிழைத் துண்டுக்குச் சொந்தக்காரன்! வித்தியாசம் ஓரத்தில்தான். இங்கே ஓர நூல்களைக் கையால் முறுக்கி, முடிச்சுப் போட்டுக் குஞ்சமாக்கியிருந்தார்கள். அந்தக் குஞ்சத்தால்தான் துண்டுக்குக் கூடுதல் அழகு, கூடுதல் விலை.

இரண்டு அடுக்குகளைக் காட்டி, இரண்டுமே முழுப் பருத்தி என்றார் கடை உதவியாளர். இவர் இரண்டாவது அடுக்கைத் தொட்டுவிட்டுத் தலையை இருபுறமும் ஆட்டினார். கடைக்காரரே லைட்டரை எடுத்தார். முதல் அடுக்கிலிருந்து ஒரு நூல்: காகிதம் எரிந்த வாசனை, விரலில் தேய்த்தால் சாம்பல். பருத்தி. இரண்டாவதிலிருந்து ஒரு நூல்: உருகிச் சுருண்டு, நுனியில் கடினமான மணி. பாலியெஸ்டர் கலப்பு. யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனைதான். ஆனால் எரிப்பதற்கு முன்பே விரல் சொன்ன பதில் 22 வருட அனுபவம்.

கடைக்காரர் உதவியாளரைப் பார்த்து ஏதோ அதட்டினார். பிறகு இவர் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தார். இரண்டு தேநீர் வந்தது.

ஆறு பெஷ்டெமல் எடுத்தார். சொன்ன விலையில் பாதியிலிருந்து தொடங்கினார். ஆனால் கடைசி வரை இழுக்கவில்லை. காரணம், கடையில் அன்றைக்கு முதல் வாடிக்கையாளர் அவர்தான். முதல் வியாபாரத்தின் அருமை கல்லாவில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். பணத்தை வாங்கிய கடைக்காரர் நோட்டைத் தாடையில் தேய்த்துக்கொண்டு, "ஸிஃப்தா!" என்றார். போனில் பொருள் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. நம்ம ஊர் போணி! 'போணி உன்னிடமிருந்து, பெருக்கம் இறைவனிடமிருந்து' என்பது அங்கே கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வாக்கு.

பகல் இரண்டு மணிக்குக் கணவர் அறைக்குத் திரும்பினார். கண்காட்சியின் கடைசி நாள், சீக்கிரம் முடித்துக்கொண்டு வந்திருந்தார். கட்டிலில் ஆறு துண்டுகளும் விரித்திருந்தன. ஒன்றை எடுத்தார். ஓரத்தைப் பார்த்தார். வியாபாரியின் கண் குஞ்சத்தில் போய் நின்றது.

"இது கையிலயா பண்றாங்க?"

"ஆமாங்க. நம்ம சென்னிமலைப் பக்கம் தறிக்காரங்க வீட்டுப் பொம்பளைங்க ஒரு வாரத்துல பழகிருவாங்க. ஒரு துண்டுக்கு எவ்வளவு நேரமாகும்னுதான் கணக்குப் போட்டுட்டிருக்கேன்."

கணவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். ஐந்து நாளாக லட்சக்கணக்கில் விலை சொல்லும் இயந்திரங்களைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். துண்டைக் கையில் வைத்தபடியே கேட்டார்:

"அந்தக் கடைக்கு என்னையும் கூட்டிட்டுப் போறியா?"

"இப்பவே கிளம்புங்க. நாளைக்குப் பூட்டிருவாங்க."

முன்னால் மனைவி, பின்னால் கணவர். எந்த வாசலில் நுழைந்து எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரியும். கடைக்காரர் தூரத்திலிருந்தே "அப்லா!" என்றார். பின்னால் வந்தவரைப் பார்த்து ஒரு கணம் யோசித்தார். பிறகு கையை நீட்டி, "எனிஷ்டே, ஹோஷ் கெல்தின்!" என்றார்.

"என்ன சொல்றார்?"

மனைவி போனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா வீட்டுக்காரரே, வாங்கனு சொல்றாருங்க."

தேநீர் வந்தது. கடைக்காரர் தன் போனில் ஒரு கேள்வியைத் தட்டி, கணவரிடம் திரையைக் காட்டினார். 'உங்களுக்கு என்ன தொழில்?'

கணவர் மனைவியைப் பார்த்தார். "சும்மா கூட வந்திருக்கேன்னு சொல்லிரு."

அவர் அப்படிச் சொல்லவில்லை. போனை வாங்கி, நிதானமாகத் தட்டினார். 'எங்கள் இருவருக்கும் ஈரோட்டில் ஜவுளிக் கடை.'

கடைக்காரர் படித்துவிட்டுத் தலையாட்டினார். உள்ளே குரல் கொடுத்து, மேல் அடுக்கில் இருந்த இன்னொரு கட்டை இறக்கச் சொன்னார்.